வாலண்டியர் இல்லை, சண்முகக்கனி

கனியக்கா போய்விட்டார்.

இன்று காலை ஸ்ரீவைகுண்டம் கோர்ட்டுக்கு வாய்தாவுக்குப் போயிருக்கிறார். ஊருக்குத் திரும்ப பஸ்ஸுக்கு நிற்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான்... ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

அவர் மகள் போனில் சொல்லி அழுதாள். நானும் அழுதேன். அதன்பிறகு ஃபேஸ்புக்கைத் திறந்தால், அக்காவும் நானும் முன்பு வேலை பார்த்த தொண்டு நிறுவனம் அவர் படத்தைப் போட்டு இரங்கல் எழுதியிருக்கிறது. "எங்கள் கிராஸ்ரூட்ஸ் லீடர்."

எங்களாம்.

அதைப் படித்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். துக்கத்தில் இல்லை.

உங்களில் பலருக்கு சண்முகக்கனியைத் தெரியாது. ஸ்ரீவைகுண்டம் பக்கம் வாய்க்கால் கரையில் ஒரு சின்ன ஊர். வாழைத்தோட்டத்தில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தவரை அந்த நிறுவனம் களப்பணியாளராகச் சேர்த்தது. நான் அங்கே ஜீப் டிரைவர்.

முதல் டிரெயினிங் நன்றாக ஞாபகம் இருக்கிறது. சென்னையிலிருந்து ஒருவர் வந்து போர்டு நிறைய இங்கிலீஷில் எழுதினார். கேம்பெயின், மொபிலைசேஷன், அட்வகசி... கடைசியில் டார்கெட் குரூப். "அதாவது, உங்க ஊர்ப் பெண்கள்" என்றார்.

அக்கா எழுந்தார். "டார்கெட்டுன்னா, கோயில் கொடையில பலூனக் கட்டிச் சுடுவாவளே, அதா சார்?"

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். வந்தவர் போர்டை அழிக்க ஆரம்பித்துவிட்டார்.

அப்புறம்தான் வாய்க்கால் பிரச்சினை. ஊருக்கு மேற்கே ஓர் ஆலை, ராவோடு ராவாகக் கழிவைத் திறந்துவிட்டது. தண்ணீர் கறுத்தது, பிள்ளைகளுக்கு உடம்பெல்லாம் சொறி. நிறுவனம் "சிக்னேச்சர் கேம்பெயின்" என்று ஆரம்பித்தது. கையெழுத்து வாங்க வீடு வீடாக ஏறி இறங்கியது அக்காதான். ஜீப்புக்கு டீசல் இல்லாத நாளில் நடந்தே போனார்.

கருத்துக்கேட்புக் கூட்டத்தில் முன்வரிசை நாற்காலிகளில் "ஸ்டேக்ஹோல்டர்" என்று தாள் ஒட்டியிருந்தது. ஆலைக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஊர்ப் பெண்களைப் பின்னால் நிற்கச் சொன்னார்கள். அக்கா என்னிடம் அர்த்தம் கேட்டார். சம்பந்தப்பட்டவர்கள் என்றேன். நேரே போய் முதல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

எழுப்ப வந்த அதிகாரியிடம் குரலை உயர்த்தாமல் கேட்டார். "இந்தத் தண்ணியக் குடிக்கது நாங்க. பெறவு இந்த நாற்காலி யாருக்கு சார்?"

அன்றைக்கு அக்கா அந்த நாற்காலியில் இருந்ததைப் படம் எடுத்து, நிறுவனத்தின் இங்கிலீஷ் ரிப்போர்ட் அட்டையில் போட்டார்கள்.

கூட்டம் முடிந்தும் ஒன்றும் நடக்கவில்லை. பெண்கள் ரோட்டை மறித்து உட்கார்ந்தார்கள். வழக்கு. முதல் பெயர் சண்முகக்கனி.

ஸ்டேஷனில் அக்கா கழுத்தில் கிடந்த அடையாள அட்டையைக் காட்டினார். நிறுவனத்தின் டைரக்டருக்கு எஸ்.ஐ. போன் போட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். பேசி முடித்துவிட்டு எஸ்.ஐ. சொன்னார், "ஒங்களுக்கும் அவங்களுக்கும் சம்பந்தமில்லையாம்லா. நீங்க சும்மா வாலண்டியராம்."

வருசக்கணக்காக மாதச் சம்பளம் வாங்கிய மனுஷி!

அக்கா என்னைப் பார்த்தார். "வாலண்டியர்னா என்ன தம்பி?"

யாரும் கூப்பிடாமல், சம்பளம் இல்லாமல், தானாக வந்து செய்கிறவர் என்றேன்.

அக்கா அட்டையைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"சரி சார். யாரும் கூப்பிடல, நானாத்தான் வந்தேன்னு எழுதிக்கிடுங்க. போவச் சொன்னாலும் போவ மாட்டேன்னும் சேத்து எழுதுங்க."

மறுநாளே நான் ஜீப் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தேன். அக்கா மறுபடி வாழைத்தோட்டத்துக்குப் போனார். கூலி வேலை, வாய்தா, கலெக்டர் ஆபீஸ் மனு... கூட நின்ற பெண்கள் கடைசிவரை நின்றார்கள். போன மழைக்கு முன்னால்தான் ஆலையின் குழாயை அடைத்தார்கள். வாய்க்காலில் இப்போது பிள்ளைகள் குளிக்கிறார்கள்.

அதையும் அந்த நிறுவனம் தன் சாதனையாக, "சக்ஸஸ்ஃபுல் அட்வகசி" என்று தன் பக்கத்தில் போட்டுக்கொண்டது. வழக்கு மட்டும் அக்கா பெயரிலேயே கிடந்தது. ஒரு வக்கீலை அனுப்பினார்களா? ஒரு நாள் போன்? ஒன்றும் இல்லை. இன்றைக்கு லீடராம். வெட்கமாக இல்லையா டைரக்டர் சார் உங்களுக்கு? இதை நீங்கள் படிப்பீர்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

நாளை காலை எடுக்கிறார்கள். நிறுவனத்திலிருந்து பேனரோடும் மாலையோடும் வருவதாக மகளுக்குத் தகவல் சொல்லியிருக்கிறார்கள்.

அவள் மறுபடி கூப்பிட்டாள். "அவுகள வீட்டுக்குள்ள விடாதீங்க மாமா. அம்மைக்குப் பிடிக்காது."

கிளம்பிவிட்டேன்.

கனியக்கா... நீங்க நிம்மதியாப் படுங்க. வாசல்ல நான் நிக்கேன்.