அம்மா கழற்றச் சொன்ன முன் பிரேக்

எங்கள் அம்மாவுக்கு எதற்கெடுத்தாலும் பயம். மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுவது அவள் வேலை. பெட்டியை அணைத்தோமா என்று பாதி வழியிலிருந்து திரும்பி ஓடுவாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அவளுக்குப் பட்டப்பகலிலும் பேய்தான். அதிலும் பெரிய பேய், சைக்கிள்.

என் முதல் மூன்று சக்கர சைக்கிளின் பின்னால் கயிறு கட்டி, மறுமுனையைத் தன் கையில் சுற்றிக்கொண்டாள். நான் வாசலைத் தாண்டினால் ஒரே இழு. ஏழு வயதில் அண்ணனின் சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டேன். "மெதுவாடி, மெதுவாடி" என்று மூச்சிரைக்கக் கூடவே ஓடி வந்தாள். தெருவே சிரித்தது. எனக்கு மானம் போனது.

பன்னிரண்டு வயதில் அந்தச் சைக்கிள் எனக்கே வந்தது. முன் பிரேக்கைப் பிடித்தால் ஆள் குப்புற விழுந்து பல் உடையும் என்று யாரோ அம்மாவின் காதில் ஓதிவிட்டார்கள். அன்றே சைக்கிள் கடைக்கு உருட்டிக்கொண்டு போனாள்.

"முன் பிரேக்கைக் கழட்டிடுங்கண்ணே."

"ஏம்மா, நல்லாத்தானே பிடிக்குது?"

"அதான் பயமே. கழட்டுங்க."

கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டு கழற்றிக் கொடுத்தார். அம்மா நிம்மதியாக வீடு வந்தாள்.

அடுத்த மாதம் ஒருநாள் காலை, பேருந்துகள் ஓடவில்லை. இன்னொரு முறை தாமதமானால் வேலைக்கே வரவேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். அப்பா முன்னதாகவே கிளம்பிவிட்டார். வேலை போய்விடும் என்ற பயம் சைக்கிள் பயத்தை ஜெயித்தது. அம்மா முதல் தடவையாக என் சைக்கிள் கேரியரில், இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்தாள்.

மேம்பாலத்தில் ஏறும்வரை ஒன்றுமில்லை. இறக்கத்தில் பின் பிரேக்கைப் பிடித்தேன். டப்பென்று கம்பி அறுந்தது. கீழே சிக்னலில் ஒரு லாரி நின்றுகொண்டிருந்தது. என் மறு கை முன் பிரேக்கைத் தேடியது. அங்கே வெறும் கைப்பிடிதான்.

"அம்மா, பிரேக் இல்லம்மா!"

கத்துவாள் என்று நினைத்தேன். அவளோ இரண்டு குதிகாலையும் தாரில் ஊன்றினாள். செருப்புகள் பறந்தன. அப்புறம் வெறும் கால் தேய்கிற சத்தம். லாரிக்கு ஒரு முழம் முன்னால் சைக்கிள் நின்றது.

அன்று மதியம் அதே மருத்துவமனையில், தான் இஸ்திரி போட்ட விரிப்பிலேயே, அம்மா காலில் கட்டோடு படுத்திருந்தாள். அப்பா ஓடி வந்தார்.

"எந்த மடையன் முன் பிரேக்கைக் கழட்டுனான்? அந்தக் கடைக்காரனை உண்டு இல்லைன்னு ஆக்கிடறேன்!"

அம்மாவே சொன்னாள்.

"அவரை ஒண்ணும் சொல்லாதீங்க. நான்தான் கழட்டச் சொன்னேன். புள்ள விழுந்துடுவாளோன்னு..."

அப்பா அப்படியே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"என் கையாலயே உன்னைக் கொன்னிருப்பேனேடி. இனிமே எதுக்குப் பயப்படறது, எதுக்குப் பயப்படக் கூடாதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

என் மறு கையால் அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.