பதினெட்டுச் செவ்வாய்க்கிழமைகள்

முதலில் பேனையின் மூடியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் வைப்பார். பிறகு, கடதாசியில் துளை போடுகிற கருவியை எடுத்து என் மேசை விளிம்போடு நேராக நிறுத்துவார். அது ஒரு நூல் சரிந்து நின்றாலும் மறுபடி நிமிர்த்துவார். அதன் பிறகுதான் கோப்பு திறக்கும். கறுப்பு மட்டை, நாலு அங்குலத் தடிப்பு, முதுகில் அவரே எழுதி ஒட்டிய பெயர்: 'வி. விநாயகமூர்த்தி, முன்னாள் படைவீரர்'. படைவீரர் என்பதற்கு இரண்டு அடிக்கோடுகள்.

"அக்கா, போன கிழமை விட்ட இடத்திலயிருந்து பிடிப்பம்" என்பார்.

கென்னடி வீதிப் பிளாசாவில், மீன்கடைக்கும் வீடியோக் கடைக்கும் நடுவில் இருக்கிற சமூக சேவை அலுவலகத்தில் நான் சனிக்கிழமைகளில் படிவம் நிரப்பிக் கொடுக்கிறேன். என் மேசைக்கு வருகிறவர்களுக்கு ஒரு கரைச்சல் இருக்கும். அது தீர்ந்ததும் ஒரு நன்றி சொல்லிவிட்டோ சொல்லாமலோ போய்விடுவார்கள். மூர்த்தி ஐந்து வருடமாக வருகிறார். அவருக்குக் கரைச்சல் தீர்வதில் அவ்வளவு விருப்பமில்லை என்பது என் எண்ணம். தீர்ந்துவிட்டால் சனிக்கிழமைகளில் என்ன செய்வார், பாவம்!

ஆள் குள்ளம். வயது முப்பத்தேழு, வயிற்றுக்கு அதைவிடக் கொஞ்சம் கூட. டோர்செட் பார்க்கில் ஒரு மாடிக் கட்டடத்துக்குக் காவலாளி. மற்றக் காவலாளிகள் கதிரையில் இருந்து பத்திரிகை படிப்பார்கள். இவர் கைகளைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டு மின்தூக்கியின் முன்னால் நிற்பார். மளிகைச் சாமானுடன் வருகிற பெண்களிடம் "ஸ்ரெயிற்றா நில்லுங்கோ அன்ரி, முள்ளந்தண்டு போயிடும்" என்று புத்தி சொல்வார். பையில் ஒன்றை வாங்கிப் பிடிக்க மாட்டார். போரில் இறந்த படைவீரர் நினைவாக நவம்பரில் குத்துகிற சிவப்புப் பொப்பிப் பூ அவர் நெஞ்சில் டிசம்பர் நத்தார் வரைக்கும் நிற்கும். மணியைப் படைக்காரர் மாதிரித்தான் சொல்வார். "தேட்டீன் ஹண்ட்றட்டுக்கு வாறன் அக்கா" என்பார். ஒரு மணி என்று அர்த்தம். ஒன்றே முக்காலுக்கு வந்து சேருவார்.

பிளாசாவில் அவருக்கு ஆமி மூர்த்தி என்று பெயர். ஊரில் ஆமி வருகிறது என்றால் பிள்ளைகுட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஓடிய சனம் நாங்கள். இங்கேயும் மீன்கடைக்காரர் "ஆமி வருகுது, ஓடுங்கோ!" என்று சொல்லிவிட்டுக் குளிர் அறைக்குள் நுழைந்துகொள்கிறார். பிடிபட்டால் அரை மணித்தியாலம் கோப்பைப் பற்றிக் கேட்க வேண்டுமே!

ஒரு ஆமிக்குப் பயந்து கடல் கடந்து வந்தவர், குடியுரிமை கிடைத்த மறு மாதமே இன்னொரு ஆமியில் போய்ச் சேர்ந்தார். இந்த நாட்டின் பகுதிநேரப் படை. செவ்வாய்க்கிழமை பின்னேரம் ஒரு அணிவகுப்பு, மாதத்தில் ஒரு வார இறுதிப் பயிற்சி. இவரைப் பண்டகசாலையில் போட்டார்கள். புதிதாக வருகிற பொடியன்களுக்குச் சப்பாத்து எடுத்துக் கொடுப்பதுதான் வேலை. "காலைப் பாத்தே நம்பர் சொல்லுவன் அக்கா. ஒருக்காலும் பிழைச்சதில்லை" என்று இன்றைக்கும் மார் தட்டுவார். இரண்டு வருடம் சப்பாத்துக் கொடுத்தார். துவக்கைத் தொட்டது பயிற்சியில் மட்டும்தான். அந்தக் கதையைக் கேட்டால் ஏதோ எல்லையைக் காத்தவர் போல இருக்கும்.

1991 வசந்தத்தில் மகள் நிலக்சி பிறந்தாள். இங்கேதான் அவருடைய வீரம் சறுக்கியது.

பிள்ளை பிறந்தால் முப்பத்தொரு நாள் துடக்கு. கோயிலுக்குப் போகக் கூடாது, நல்ல காரியத்துக்குப் போகக் கூடாது. வேலைக்குப் போகலாம், போகாவிட்டால் ஆர் சோறு போடுவது? மூர்த்தியும் அப்போது வேலை செய்த பிளாஸ்ரிக் தொழிற்சாலைக்குப் போனார். மீன்கடைக்குப் போனார். தலைமுடி வெட்டப் போனார். படைக்கு மட்டும் போகவில்லை! ஏன் என்று ஒருநாள் கேட்டேன்.

"அது யூனிபோம் அக்கா. கொடி நிக்கிற இடம். துடக்கோட எப்பிடிப் போய்க் கொடிக்குச் சலூட் அடிக்கிறது? கோயில் மாதிரித்தானே."

அவர் வாயிலிருந்து வந்ததில் பொய்யில்லாத வார்த்தை இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். ஆனால் அதைத் தன் மேலதிகாரியான சார்ஜனிடம் சொல்லவில்லை. ஒரு கடதாசியில் எழுதிக் கொடுக்கவும் இல்லை. தன்னோடு படையில் இருந்த இன்னொரு தமிழ்ப் பொடியனிடம் "நான் முப்பத்தொண்டு கழிச்சு வாறன் எண்டு சொல்லிவிடு" என்று சொல்லி அனுப்பினார். எங்களுடைய ஆட்களுக்கு ஆளிடம் சொல்லி அனுப்பினால் அது ஓலை அனுப்பினது மாதிரி. அந்தப் பொடியன் மறந்துபோனான்.

முப்பத்தொன்று கழிந்தது. திரும்பிப் போனால் சார்ஜன் கேட்பான். துடக்கை இங்கிலீசில் எப்படிச் சொல்வது? வெட்கம். அந்த வெட்கத்தை மனைவி பாலேஸ்வரியிடம் சொல்ல இன்னும் பெரிய வெட்கம். ஆகவே ஒவ்வொரு செவ்வாயும் ஆறரைக்கு யூனிபோமைப் போட்டுக்கொண்டு, சப்பாத்தைத் துடைத்துக்கொண்டு, "பரேட்டுக்குப் போட்டு வாறன்" என்று வெளிக்கிட்டார். போனது நாலு பஸ் தரிப்பு தள்ளி, சிநேகிதர் கிறிஸ்துநாயகம் வீட்டு நிலவறைக்கு. அங்கே யூனிபோமோடு இருந்து முந்நூற்றி நாலு என்கிற சீட்டாட்டம் விளையாடினார். கிறிஸ்துநாயகம் கதவைத் திறக்கும்போது சலூட் அடிப்பாராம். சீட்டுக்கட்டும் தேத்தண்ணியுமாகப் பத்து மணி வரை நாட்டைக் காத்துவிட்டு வீடு திரும்பினார். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். மூர்த்தியின் புளுகு பதினெட்டுச் செவ்வாய் நின்றது.

படையிலிருந்து வந்த கடிதங்களை அவரே தபால் பெட்டியில் இருந்து எடுத்து ஒளித்தார். கடைசிக் கடிதம் பாலேஸ்வரி கையில் அகப்பட்டது. சப்பாத்து ஒரு சோடி, மேற்சட்டை இரண்டு, தொப்பி ஒன்று, திருப்பி ஒப்படைக்கவும். அதோடு விலகல் பத்திரம்: தொடர்ந்து சமுகமளிக்காத காரணத்தால், 'மேற்கொண்டு சேவைக்குத் தகுதியற்றவர்'.

"தகுதியில்லாதவன் எண்டால் என்ன அக்கா அர்த்தம்? நான் உதவாக்கரையே?" என்று முதல்நாள் கேட்டார். நான் படிவத்தை எடுத்துப் பெயரிலிருந்து நிரப்பத் தொடங்கினேன்.

அன்றிலிருந்து அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அந்த வரியை அழித்துவிட்டு, 'பெற்றோர் கடமை காரணமாகச் சொந்த வேண்டுகோளின் பேரில் விலகியவர்' என்று ஒட்டாவாவில் இருக்கிற படைத் தலைமையகம் எழுதித் தர வேண்டும். குழந்தைக்காகப் படையைத் துறந்த தகப்பன்! எழுதி எழுதி அதை அவரே நம்பிவிட்டார். துடக்கை உள்ளபடி எழுதிப் பார்ப்போம் என்று எத்தனையோ தரம் சொன்னேன். "உது எழுதேலாது அக்கா. வெள்ளையன் சிரிப்பான்." பொய்க்குச் சிரிக்க மாட்டான் என்று யார் சொன்னதோ தெரியாது.

எனக்கு எரிச்சல் வருகிற இடம் இன்னொன்று. பிள்ளை பிறக்கும்போது பாலேஸ்வரி தாதி உதவியாளர் படிப்பில் பாதி முடித்திருந்தார். வகுப்பு செவ்வாய் பின்னேரம். செவ்வாய் இவருக்குப் 'பரேட்' அல்லவா? பிள்ளையை யாராவது பார்க்க வேண்டுமே. பாலேஸ்வரி படிப்பை விட்டார். இன்றைக்கு ஒரு வெதுப்பகத்தில் பாண் பொதி செய்கிறார். அவர் படிப்பிலிருந்து விலகியதற்குப் பத்திரமும் இல்லை, கோப்பும் இல்லை, ஒட்டாவாவில் ஒருவருக்கும் தெரியவும் தெரியாது. நான் படிவம் நிரப்பிய இத்தனை வருடத்தில் ஒரு கோப்பைத் தூக்கிக் குப்பையில் போட ஆசைப்பட்டேன் என்றால் அது இதுதான்.

இந்தப் புரட்டாதியில் ஒட்டாவாவிலிருந்து பதில் வந்தது. தவறவிட்ட இருபத்திரண்டு செவ்வாய்களிலும் அவர் குழந்தையைப் பராமரித்தார் என்று மனைவி சத்தியக் கடதாசி தந்தால் மீள்பரிசீலனை செய்யலாம், இதுவே கடைசித் தவணை. மூர்த்தி அந்தக் கடிதத்தை மூன்று பிரதி எடுத்தார். தானே வாசகமும் எழுதிக்கொண்டு வந்தார். நான் தட்டெழுதிக் கொடுத்தேன். கேட்டதை எழுதுவது என் வேலை. சத்தியம் செய்வது என் வேலையில்லை.

போன சனிக்கிழமை மூவருமாக வந்தார்கள். வெளியே முதல் பனி. வாசல் மிதியடியில் சப்பாத்துகளைக் கழற்றிவிட்டு, பாலேஸ்வரி வெதுப்பகத்து வெள்ளைச் சட்டையோடு என் முன்னால் இருந்தார். ஆறு வயது நிலக்சி யன்னலோரக் கதிரையில் கால்களைத் தொங்கவிட்டபடி படம் கீறத் தொடங்கினாள். நான் வாசகத்தைத் தமிழில் வாசித்துக் காட்டினேன்.

"முதல் நாலு செவ்வாயும் சரி அக்கா" என்றார் பாலேஸ்வரி. "துடக்கெண்டு வீட்டில நிண்டவர்தான். ரீவி பாத்தவர். மிச்சம் பதினெட்டு?"

"உதையேன் இப்ப கிண்டுறீர்? கையெழுத்தை வையும். லோயர் மேல்மாடியில நிக்கிறார், சீல் குத்த வேணும்" என்றார் மூர்த்தி. துளைக் கருவி மேசை விளிம்பில் தயாராக நின்றது.

"பதினெட்டுக் கிழமையும் உங்கட யூனிபோமை அயன் பண்ணித் தந்தது நான். பிள்ளையை இடுப்பில வைச்சுக்கொண்டு."

"எல்லாம் பிள்ளைக்காகத்தானே!" என்றார் மூர்த்தி.

பாலேஸ்வரி யன்னல் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். என்னைப் பார்த்துத்தான் பேசினார்.

"அக்கா, இவர் அவளுக்கு விளங்கத் தொடங்கின நாளிலயிருந்து சொல்லுறது, 'உன்னாலதான் நான் ஆமியை விட்டனான்' எண்டு. நவம்பர் பதினொண்டு பள்ளிக்கூடத்தில பொப்பி நாள். ஆர்ர வீட்டில ஆமியில இருந்தவை எண்டு ரீச்சர் கேட்டிருக்கிறா. இவள் எழும்பி நிண்டு, 'எங்கட அப்பா இருந்தவர், என்னாலதான் விட வேண்டி வந்தது, சொறி மிஸ்' எண்டு சொன்னவளாம். ரீச்சர் எனக்கு ஃபோன் எடுத்தவா. பிள்ளை ஏன் மன்னிப்புக் கேக்குது எண்டு."

மூர்த்தி துளைக் கருவியை ஒரு நூல் நிமிர்த்தினார்.

"நான் இதில கையெழுத்து வைச்சால் அவள் சொன்னது உண்மையாப் போகும். கவுண்மேந்துச் சீலோட." பாலேஸ்வரி பேனையைத் திரும்ப மேசையில் வைத்தார். "பிள்ளைக்காக எண்டு எழுதாதையுங்கோ. வேற என்னத்தையெண்டாலும் எழுதுங்கோ, வைக்கிறன்."

எழுந்து போய்த் தன் சப்பாத்தைப் போட்டார். "நான் பஸ் வருகுதோ எண்டு பாக்கிறன். அவளுக்குச் சப்பாத்தைப் போட்டுக் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்தார். கொஞ்சம் பனி உள்ளே வந்து விழுந்தது.

மூர்த்தி கடதாசியைக் கையில் எடுத்தார். துளைக் கருவிக்குள் செருகினார், அழுத்தவில்லை. வெளியே எடுத்து, கோப்பின் மேல் சும்மா வைத்தார். ஐந்து வருடத்தில் துளை விழாமல் அவர் கையைத் தாண்டிய தாள் அது ஒன்றுதான். துடக்கை எழுதச் சொல்லி இப்போதாவது கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை.

வாசலுக்குப் போய் மகளைக் கூப்பிட்டார். அவள் ஓடிவந்து மிதியடியில் உட்கார்ந்து வலது காலை நீட்டினாள். மூர்த்தி படைக்காரர் மாதிரியே ஒரு முழங்காலை ஊன்றிக் குனிந்து, ஊதா நிறப் பனிச் சப்பாத்தில் ஒன்றை எடுத்து மாட்டினார். ஏறவில்லை. குதியில் கையைக் கொடுத்துத் தள்ளினார். அப்போதும் ஏறவில்லை. அது இடது கால் சப்பாத்து. இன்னும் பலமாகத் தள்ளினார்.

நிலக்சி உதட்டைக் கடித்துக்கொண்டு விரல்களை உள்ளே மடக்கிப் பார்த்தாள்.

"சொறி, அப்பா" என்றாள்.