பன்னிரண்டு மணிப் பை

லண்டன் கிங்ஸ்பரியில் ஒரு பலசரக்குக் கடைக்கு மேலே இருந்த மாடி வீட்டை விட்டுப் போவதென்று முடிவான அன்றே ஜெயகௌரி ஐந்து நிறங்களில் ஒட்டுநாடா வாங்கி வந்தாள். பச்சை குசினிப் பாத்திரங்களுக்கு, நீலம் படுக்கையறைக்கு என்று பிரித்தாள். ஜெர்மனியில் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடம் ஒன்றில் பத்து வருடம் வேலை செய்தவள். எந்தத் துணி எந்த வாட்டுக்கு என்று நிறம் பார்த்துப் பிரித்துப் பழகிய கை அது. லண்டனுக்கு வந்து பள்ளிக்கூடச் சமையலறையில் சேர்ந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. சிவப்பு நாடாவை ஒரே ஒரு பெட்டிக்கென்று ஒதுக்கி வைத்தாள்.

அது அவள் கணவர் சச்சிதானந்தனின் மருந்துப் பெட்டி. அவருடைய இரண்டு சிறுநீரகமும் கைவிட்டு ஒன்றரை வருடமாகியிருந்தது. வயிற்றில் பொருத்திய குழாய் வழியாக, நாளுக்கு நான்கு தரம், பழைய நீரை வெளியே விட்டு ஒரு பை மருந்து நீரை உள்ளே ஏற்ற வேண்டும். மாதாமாதம் நாற்பது பெட்டி வரும். அவற்றைச் சுமந்து ஏற்றுகிறவன் இருபத்திரண்டு படிகளையும் சபித்துக்கொண்டுதான் ஏறுவான். சச்சிதானந்தனுக்கே அந்தப் படிகள் முடியாமல் போனபோதுதான் கீழ்த்தளத்தில் அறையுள்ள வீடு ஒன்றைச் சட்டன் என்ற ஊரில் பார்த்தார்கள்.

பை மாற்றுகிற அறையில் தூசி இருக்கக் கூடாது. யன்னல் பூட்டியிருக்க வேண்டும். கிருமி குழாய்க்குள் போனால் வயிறு முழுவதும் பழுதாகிவிடும். போன மாரியில் அப்படி ஒருதரம் நடந்து, பதினேழு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து தப்பியவர் அவர். ஆகவே வீட்டை விற்கிற கத்தரின் என்ற பெண்மணிக்கு ஜெயகௌரி வழக்கறிஞர் மூலம் கடிதம் எழுதினாள். குடிவருவதற்கு முதல் நாளே வந்து அந்த அறையை மட்டும் கழுவித் துடைக்கலாமா என்று கேட்டாள். ஏன் என்று எழுதவில்லை. சச்சிதானந்தன் விடவில்லை.

"என்ரை வருத்தத்தை ஊருக்கெல்லாம் சொல்லித் திரியாதையும்."

பதில் ஒரே வரியில் வந்தது. சாவி கைமாறும்வரை யாரையும் உள்ளே விட முடியாது. சரியான திமிர் பிடித்த மனுசி என்று ஜெயகௌரி அப்போதே முடிவு கட்டிவிட்டாள்.

2006 மார்ச் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. காலை ஆறு மணிப் பையை முடித்துக்கொண்டு, லொறிக்காரப் பிரதாபனின் முன்சீற்றில் இருவரும் நெருக்கியடித்து உட்கார்ந்து வந்தார்கள். சட்டன் வீட்டு வாசலை அடைந்தபோது மணி பதினொன்றே முக்கால். அடுத்த பைக்குரிய நேரம் பன்னிரண்டு. உள்ளே இன்னும் ஆள் நடமாட்டம் இருந்தது. கத்தரின் போக வேண்டிய வீட்டுக்குக் கட்டிய பணம் எங்கோ ஒரு வங்கியில் சிக்கிக்கொண்டதாம். அது வந்து சேரும்வரை இந்தச் சாவியும் வராது என்றார் வழக்கறிஞர் தொலைபேசியில்.

"தம்பி, சிவப்பு நாடா ஒட்டின பெட்டி எங்கை? முன்னுக்கு வைக்கச் சொன்னனெல்லோ?"

பிரதாபன் தலையைச் சொறிந்தான். "அதுவும் மற்றப் பெட்டியள் மாதிரித்தானே இருந்தது, அக்கா. பாரமான சாமானெண்டு எல்லாத்தையும் ஒண்டா அடியிலை அடுக்கிப்போட்டன்."

அதற்கு முன்னால் கட்டில், சோபா, குளிர்சாதனப் பெட்டி, சலவை இயந்திரம். ஜெயகௌரி சிறுநீரகப் பிரிவுத் தாதி ராஜிக்குத் தொலைபேசி அடித்தாள்.

"ரெண்டு மணிக்கு மேலை போக விடாதேங்கோ, அன்ரி. நெஞ்சிலை தண்ணி கட்டுற ஆள் அவர். மூச்சு வாங்கினால் உடனை அம்புலன்சுக்கு அடியுங்கோ."

"இறக்குங்கோ தம்பி," என்றாள் ஜெயகௌரி.

"றோட்டிலையோ? மழை தூறுது, அக்கா."

"நனைஞ்சால் நனையட்டும்."

சோபா நடைபாதையில் இறங்கியது. கட்டில் பலகைகள் மதிலில் சாய்ந்தன. மேல்மாடி யன்னலில் கத்தரின் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். முன்சீற்றில் சச்சிதானந்தன் சப்பாத்து நாடாவைத் தளர்த்தினார். கணுக்கால் வீங்கியிருந்தது. "எனக்கு... ஒண்டுமில்லை," என்று அவர் சொன்ன இரண்டு சொல்லுக்கு நடுவே ஒரு மூச்சு வாங்கியது. அதை அவள் கவனித்தாள்.

ஒன்று பத்துக்குப் பெட்டி கிடைத்தது. பை பனிக்கட்டிபோல் குளிர்ந்திருந்தது. பிரதாபன் லொறியின் சூட்டுக் காற்றை முழுதாகத் திறந்து, பையைத் துவாயில் சுற்றி அதற்கு நேரே பிடித்தான். சூடாக்கலாம். ஆனால் எங்கே வைத்து மாற்றுவது? எண்ணெயும் தூசியும் படிந்த லொறிக்குள் முடியாது.

ஜெயகௌரி நேரே போய்க் கதவைத் தட்டினாள்.

"சாவியைப் பற்றி நான் ஏற்கெனவே சொல்லிவிட்டேன்," என்றாள் கத்தரின், கதவைப் பாதி திறந்தபடி. அறுபது வயதிருக்கும். கையில் பொதிசுற்றும் தாள்.

"சாவி வேண்டாம். ஒரு அறை. முக்கால் மணி நேரம்." அதற்கு மேல் ஜெயகௌரியின் ஆங்கிலம் குழம்பியது. சிறுநீரகத்துக்கு ஜெர்மன் சொல் வாயில் வந்தது. கடைசியில் தன் வயிற்றைத் தொட்டு, லொறியைக் காட்டி, "என் கணவர்," என்று மட்டும் சொன்னாள்.

கத்தரின் லொறியைப் பார்த்தாள். "அறையைக் கழுவ வேண்டுமென்று கேட்டது இதற்காகவா?"

"ஓம்." பதற்றத்தில் தமிழே வந்தது.

"என் வீடு அழுக்கென்று சொல்கிறீர்கள் என்று நினைத்தேன். இரண்டு நாள் நான் அழுதேன், தெரியுமா?"

கதவு முழுதாகத் திறந்தது.

கீழறை வெறுமையாக இருந்தது. கத்தரினே யன்னல்களைப் பூட்டி, ஒரு வாளி வெந்நீரும் கிருமிநாசினியும் கொண்டுவந்து வைத்தாள். ஜெயகௌரி தரையையும் கதவுப் பிடியையும் துடைத்தாள். முகமூடி கட்டி, முழங்கைவரை கை கழுவி, திரைச்சீலைக் கம்பியில் பையைக் கொளுவியபோது இரண்டு மணிக்கு எட்டு நிமிடம் இருந்தது. சச்சிதானந்தன் மடக்குக் கதிரையில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டார். சாமான் கட்டுகிற தன் ஆட்கள் அந்தப் பக்கம் வராதபடி கத்தரின் வெளியே மாடிப்படியில் காவல் இருந்தாள்.

இடையில் தொலைபேசி அடித்தது. கத்தரின் ஏதோ தணிந்த குரலில் பேசி வைத்தாள். ஜெயகௌரி மூடியைத் திருகி முடித்துக் கதவைத் திறந்தபோது, படியிலிருந்து எழும்பிச் சாவிக்கொத்தை நீட்டினாள்.

"இருபது நிமிடமாயிற்று, பணம் வந்து. இடையில் தட்டக் கூடாதென்று இருந்தேன்."

"மன்னித்துக்கொள்ளுங்கள். நான் காரணம் எழுதியிருக்க வேண்டும்," என்றாள் ஜெயகௌரி. சச்சிதானந்தன் பின்னாலிருந்து, "மறைக்கச் சொன்னது நான்தான்," என்றார் ஆங்கிலத்தில், மெதுவாக.

பயம் அத்துடன் விடவில்லை. அவசரத்தில் துடைத்த அறை. கிருமி போயிருந்தால் அடுத்த நாட்களில் வெளியே வருகிற நீர் கலங்கும். சனிக்கிழமை முழுவதும் அவள் பெட்டி எதையும் பிரிக்கவில்லை. நாலு பையையும் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்ப்பதும், அவர் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதுமாக இருந்தாள்.

ஞாயிறு காலை, வெளியே வந்த பையை ஒரு பழைய பத்திரிகையின்மேல் வைத்துக் குனிந்தாள். நீரினூடாக எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன.

"என்ன போட்டிருக்கு?" என்றார் சச்சிதானந்தன் கட்டிலிலிருந்து.

"கிங்ஸ்பரியிலை ஒரு புடைவைக்கடையிலை மலிவு விற்பனையாம்," என்று வாசித்துவிட்டு ஜெயகௌரி அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.