ஓசர் வரை எழுபத்தேழு கிலோமீட்டர், வழியெல்லாம் செத்துப் பிழைத்த கார்

புனே பக்கத்து ஓசர் விக்னேஸ்வரப் பிள்ளையாரிடம் எத்தனையோ பேர் எத்தனையோ வேண்டுதலோடு போகிறார்கள். சிக்னலில் நின்றால் தானாக எஞ்சினை அணைத்துக்கொள்ளும் ஒரு காரை முன்னிட்டுப் போனது, மனித குலத்திலேயே அடியேன் ஒருவனாகத்தான் இருப்பேன். போனேன் என்பதும் சரியில்லை. என்னைக் கொண்டுபோனார்கள். ஓட்டியவர் என் மனைவி ஜெயந்தி, வயது ஐம்பத்தெட்டு, இரண்டாவது முயற்சியில் லைசென்ஸ் வாங்கி ஆறு மாதம் ஆகிறது.

போன மார்ச் மாதத்துச் சனிக்கிழமை ஒன்று. அடுத்த புதன்கிழமை என் வலது கண்ணில் புரை அறுவை. அதுவரையிலும், அதற்குப் பிறகு ஒரு மாதமும் ஸ்டீயரிங்கைத் தொடக்கூடாது என்று டாக்டரம்மா தீர்ப்பு எழுதிவிட்டார். ஆகவே ஆஸ்பத்திரிக்கும் சோதனைக்கும் மளிகைக்கும் ஜெயந்திதான் ஓட்டியாக வேண்டும். அதற்கு ஒரு வெள்ளோட்டமாக இந்தப் பயணம். ஆனால் கிளம்புவதற்கு முன்பே அவள் ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். இந்தத் தடவையும் நடுரோட்டில் வண்டி நின்று நின்று மானத்தை வாங்கினால் சாவியை என் கையில் கொடுத்துவிட்டு இறங்கிவிடுவாள், அதன்பிறகு ஜென்மத்துக்கும் ஓட்டமாட்டாள். சொன்னால் செய்கிறவள்.

நிற்பது என்றால் என்ன என்பதை, இந்த மாதிரி கார் வாங்கப்போகிற அப்பாவிகளுக்காக விளக்குகிறேன். எங்களுடையது கியர் போட்டு ஓட்டும் வண்டி, வாங்கி நாலு மாதம். சிக்னலில் நியூட்ரலுக்குக் கொண்டுவந்து கிளட்ச்சிலிருந்து காலை எடுத்தால் எஞ்சின் அணைந்துவிடும். கிளட்ச்சை மறுபடி மிதித்தால் உயிர் வரும். பெட்ரோல் மிச்சமாகுமாம். இதைக் கண்டுபிடித்த மகானை ஏப்ரல் மாதத்துப் பகல் ஒரு மணிக்கு, ஏசி காற்று வெந்நீர் ஆவியாக மாறும் தருணத்தில், பின்சீட்டில் உட்காரவைத்து ஒரு மணிநேரம் சிக்னல் காட்டவேண்டும்.

இந்தத் தொல்லையை வாங்கிய அன்றே அணைத்துவிட்டேன் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். கியருக்கு முன்னால் வட்ட அம்பு போட்ட ஒரு பட்டன் இருக்கிறது, அதில் ஒரு சின்ன ஆரஞ்சு விளக்கு. ஆகுர்டியில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் இருபத்தொன்பது வருஷம் தர ஆய்வாளனாக இருந்தவன் நான். விளக்கு எரிந்தால் மெஷின் ஓடுகிறது, எரியாவிட்டால் மெஷின் தூங்குகிறது. இதற்குமேல் வேதத்தில் என்ன இருக்கிறது? என் காரில் அந்த விளக்கு எரியவில்லை. ஆகவே அது தூங்குகிறது. அப்படியும் ஜெயந்தி ஓட்டும்போது எஞ்சின் நிற்கிறது என்றால் கோளாறு அவள் காலில்தான் இருக்க வேண்டும். இதை நான் நாலு மாதமாக, தினமும், அன்போடு, விளக்கமாக அவளுக்குச் சொல்லிவந்தேன்.

என் கையில் நிற்காததுதான் எனக்குச் சாட்சி. நான் சிக்னலில் முதல் கியரைப் போட்டு கிளட்ச்சை மிதித்தபடியே பாயத் தயாராக நிற்கிற ஜாதி. அவளோ டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுத்தபடி ஒழுங்காக நியூட்ரல் போட்டுக் காலை எடுக்கிறவள். அந்த ஸ்கூல் மாஸ்டர் எஞ்சின் நின்றுபோனால் டேஷ்போர்டில் ஸ்கேலால் தட்டுவாராம். அதனால் எஞ்சின் அடங்கிய மறுநொடியே அவள் கை சாவிக்குப் போய்விடும்.

காலை 6.20க்கு ஆகுர்டி வீட்டை விட்டுக் கிளம்பினோம். ஸ்பைன் ரோடு வழியாக மோஷி, அங்கிருந்து நாசிக் நெடுஞ்சாலை. காலி ரோட்டில் மகாராணி மாதிரி ஓட்டினாள். இருபத்திரண்டாவது கிலோமீட்டரில் 7.05க்குச் சாகண் வந்தது. உலகத்தில் உள்ள லாரிகளையெல்லாம் எண்ணிப் பார்க்க விரும்புகிறவர்கள் ஷிப்டு மாறும் நேரத்தில் சாகண் சந்திப்புக்கு வரலாம். தொழிற்சாலை பஸ்கள், கார்களைச் சுமந்து போகும் நீள வண்டிகள், அவற்றுக்கு நடுவில் தைரியமே உருவான பைக்குகள். அந்த இரண்டு கிலோமீட்டரைக் கடப்பதற்குள் ஒரு கண்டமே நகர்ந்துவிடும்.

அங்கே எங்கள் கார் பதினொரு முறை செத்தது. நான் எண்ணினேன், எண்ணுவது என் பழைய தொழில். ஒவ்வொரு முறையும் ஜெயந்தி வண்டியை அணைத்து, சாவியைத் திருப்பி, கியர் போடுவதற்குள் முன்னால் இருந்த இடத்தில் ஒரு டெம்போ நுழைந்துவிடும். பின்னால் இருந்த லாரி அடித்த ஹாரனில் என் பல்லில் அடைத்திருந்த சிமெண்ட் ஆடியது. நானும் சும்மா இருந்தேனா? காலை மெதுவாக எடு, மெதுவாக எடு என்று பதினொரு முறையும் பாடினேன்.

பன்னிரண்டாவது முறை அவள் பாடவிடவில்லை. வண்டியை எப்படியோ ஓரத்தில் ஒரு டீக்கடை முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். சாவியை எடுத்து என் மடியில் வைத்தாள். இறங்கினாள்.

“புதன்கிழமை ஆட்டோல போயிக்கலாமுங்க. எனக்கு இது வராது.”

குரல் உயரவில்லை. அதுதான் பயம். முப்பத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் எனக்கு வராது என்ற வார்த்தையை அவள் சொல்லி நான் கேட்டதில்லை. நானோ ஓட்டமுடியாது. வலது கண்ணில் சாகணே ஒரு பால் டம்ளருக்குள் தெரிந்தது. டீக்கடைக்காரர் எட்டிப்பார்த்து, “காகா, காடி பந்த் பட்லி கா?” என்றார், வண்டி நின்றுவிட்டதா என்று. எல்லாமே நின்றுவிட்டது என்று மராட்டியில் சொல்லத் தெரியாமல் இரண்டு டீ சொன்னேன். இருபது ரூபாய், இஞ்சி தாராளம்.

பாதி டீயில் அவள் யோசித்து யோசித்துப் பேசினாள். வண்டி வாங்கிய முதல் வாரத்தில், நான் ஊருக்குப் போயிருந்தபோது, அந்தப் பட்டனை ஒரு நாள் அவள் அமுக்கினாளாம். ஆரஞ்சு விளக்கு எரிந்ததாம். அன்றைக்கு நிக்டி மார்க்கெட் போய்ச் சேரும்வரை வண்டி ஒருமுறைகூட நிற்கவில்லையாம். மறுநாள் நான் வந்து, அவள் அதேபோல அமுக்கிக்கொண்டு கிளம்பும்போது, எரிகிற விளக்கைப் பார்த்துப் பதறி, அமுக்கி அணைத்துவிட்டு, இதையெல்லாம் தொடக்கூடாது என்று பாடம் நடத்தினேனாம்.

நடத்தியது நினைவிருந்தது. ஆனாலும் விட்டுக்கொடுக்க முடியுமா? விளக்கு, மெஷின், ஓட்டம், தூக்கம் என்று என் சாஸ்திரத்தை மறுபடி ஆரம்பித்தேன்.

“அது உங்க ஃபேக்டரியிலங்க,” என்றாள் ஜெயந்தி. “இது எந்த ஃபேக்டரி? ஒரே ஒரு தடவ நாஞ் சொல்றபடி அமுக்கிட்டு ஓட்டறன். நின்னுச்சுன்னா நீங்க சொன்னதே சரி, எங் காலுதான். அப்பறம் நான் தொடவே மாட்டேன்.”

நான் எந்தப் பக்கம் வேண்டிக்கொள்வது? நின்றால் என் மானம் பிழைக்கும், என் டிரைவர் போய்விடுவாள். நிற்காவிட்டால் டிரைவர் பிழைப்பாள், இருபத்தொன்பது வருஷ அனுபவம் சாகண் சாக்கடையில் போகும். எனக்குத் தெரிந்த எல்லா தெய்வங்களையும் இரண்டு பக்கத்துக்கும் பாதிப்பாதியாகப் பிரித்து வேண்டினேன்.

8.15க்குக் கிளம்பினோம். அவள் பட்டனை அமுக்கினாள். ஆரஞ்சு விளக்கு எரிந்தது. ஐம்பது மீட்டரில் நெரிசல். பிரேக், நியூட்ரல், கால் எடுத்தாள். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. அடுத்த நெரிசல். ஓடியது. அதற்கடுத்தது. சாகண் எல்லையைத் தாண்டும்வரை ஒன்பது தடவை நின்று கிளம்பினோம், ஒருமுறைகூட அந்த எஞ்சின் கண்ணை மூடவில்லை. விளக்கு எரிந்தால் அந்த வசதி அணைந்திருக்கிறது என்று அர்த்தமாம். எரியாவிட்டால் விழித்திருக்கிறதாம். இப்படி ஒரு தலைகீழ் விளக்கை எங்கள் தொழிற்சாலையில் யாராவது பொருத்தியிருந்தால் அவரை நான் கேன்டீனில் சாப்பிடவே விட்டிருக்கமாட்டேன்.

ராஜ்குருநகர் தாண்டியது, மஞ்சர் தாண்டியது. முப்பது கிலோமீட்டருக்கு நான் ஒரு அறிவுரைகூடச் சொல்லவில்லை. என் சரித்திரத்தில் இது சாதனை. அவளும் சொல்லிக்காட்டவில்லை. அது இன்னும் மோசம்.

நாராயண்காவில் 9.20க்கு மிசல், அதாவது காரமான முளைப்பயறுக் குழம்பும் பாவ் ரொட்டியும். ஒரு தட்டு 90 ரூபாய், கூடுதல் குழம்பு இலவசம், கண்ணீர் கூடவே இலவசம். சாப்பிட்டுவிட்டு மறுபடி கிளம்பிய பிறகுதான் இந்தக் காரின் அடுத்த அயோக்கியத்தனம் தெரிந்தது. ஒவ்வொரு முறை வண்டியை அணைத்துக் கிளப்பும்போதும் அது பழையதை மறந்து, விளக்கை அணைத்து, தன் வேலையை ஆரம்பித்துவிடும். சாகணில் சாவியைத் திருகித் திருகி நாங்களே அதைப் பதினொரு முறை எழுப்பியிருக்கிறோம். ஓசர் போகும் கிளைச்சாலையில் ஒரு கரும்பு டிராக்டருக்குப் பின்னால் எஞ்சின் அடங்கியது. ஆனால் ஜெயந்தியின் கை சாவிக்குப் போகவில்லை. கிளட்ச்சை மிதித்தாள், உயிர் வந்தது, பட்டனை அமுக்கினாள். “இவ்வளவுதானா இது,” என்றாள், காரைப் பார்த்து.

10.15க்குக் கோயில். பார்க்கிங் 30 ரூபாய், கூட்டம் குறைவு, நாற்பது நிமிஷத்தில் தரிசனம் முடிந்தது. பின்னால் ஆற்றங்கரையில் காற்று நன்றாக இருக்கும், உட்காருங்கள். என்ன வேண்டினேன் என்று கேட்காதீர்கள். பாதிப்பாதியாக இல்லை என்று மட்டும் சொல்கிறேன்.

திரும்பும் வழியில் ஒரு அசம்பாவிதம். மஞ்சர் அருகே என் வலது கை, எஜமானனைக் கேட்காமல், எரிகிற விளக்கைக் கண்டு தானாகப் போய் அமுக்கி அணைத்துவிட்டது. ஷிப்டு முடிந்தால் விளக்கை அணைத்துவிட்டுப் போகிற கை. ஜெயந்தி கண்ணை ரோட்டிலிருந்து எடுக்காமலே என் மணிக்கட்டில் ஒன்று போட்டாள்.

ஆகவே வீட்டுக்கு நேராகப் போகாமல், போசரி வழியாகக் கசார்வாடிக்கு விட்டோம். பழைய மும்பை நெடுஞ்சாலை ஓரத்தில் செல்வத்தின் ஒர்க்‌ஷாப். தாத்தா காலத்திலேயே வேலூர்ப் பக்கமிருந்து வந்த குடும்பம், அவர் தமிழில் பாதி புனே. என் கதையைக் கேட்டு அவர் சிரிக்கவில்லை, அடக்கிக்கொண்டார். “அங்கிள், லைட்டு எரிஞ்சா அது பந்த். எரியலன்னா சாலு, வேல செய்யுது. புக்ல போட்டிருக்கு, யாரு படிக்கிறா?” என்றார்.

பட்டனுக்குப் பின்னால் ஒயரோடு ஒயராகச் சொருகும் ஒரு தீப்பெட்டி அளவு பெட்டி இருக்கிறது. கடைசியாகப் பட்டன் எப்படி இருந்ததோ அதை நினைவு வைத்துக்கொள்ளும். பெட்டியும் கூலியும் சேர்த்து 1,800 ரூபாய், இருபத்தைந்து நிமிஷம். பொருத்திவிட்டு செல்வம் ஒரு எச்சரிக்கை கொடுத்தார். “யாரு கடைசியா அமுக்கறாங்களோ அதத்தான் ஞாபகம் வெச்சுக்கும். ஆன்ட்டி, அங்கிள் கைய பாத்துக்கங்க.”

ஜெயந்தி கைப்பையைத் திறந்து, ஒரு பெரிய மெரூன் ஸ்டிக்கர் பொட்டை எடுத்து, பட்டனின் நடுவில் ஒட்டினாள். இது மேல இனி உங்க கை வராதுங்களே என்றாள். வரவில்லை. பெண் நெற்றியில் கை வைக்கிற மாதிரி ஒரு கூச்சம்.

மாலை 3.10க்கு வீடு. மொத்தம் 161 கிலோமீட்டர், பெட்ரோல் சுமார் 980 ரூபாய், சுங்கம் தனி.

உங்களில் யாராவது இதே வழியில் போவதானால் சாகணை ஆறு மணிக்கு முன்பே தாண்டிவிடுங்கள். இதே மாதிரி கார் இருந்தால் முதலில் கையேட்டில் அந்த விளக்கைப் பற்றிய பக்கத்தைப் படியுங்கள், என்னைப் போல ஞானத்தை வீட்டிலிருந்து கொண்டுவராதீர்கள். பேட்டரி சென்சாரைப் பிடுங்கு, பானட் சுவிட்சைக் கழற்று என்று அறிவுரை சொல்ல ஆயிரம் பேர் வருவார்கள், டேஷ்போர்டு தீபாவளி கொண்டாடும், வேண்டாம். பெட்டி பொருத்துவதற்கு முன் வாரண்டிக்குப் பாதகமா என்று சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். நாங்கள் பொருத்திய பிறகு கேட்டோம், அவர்கள் முறைத்தார்கள். பெட்டி வேண்டாமென்றால் சாவி திருப்பியதும் பட்டன், பெல்ட் போடுகிற மாதிரி ஒரு பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். பழகுகிறவர் காலைக் குறை சொல்வதற்கு முன், உங்கள் காலை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று ஒருமுறை குனிந்து பாருங்கள்.

புதன்கிழமை அறுவை நன்றாக முடிந்தது. வலது கண்ணில் கட்டு, மடியில் மருந்துப் பை, இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளும்படி உத்தரவு. பிம்ப்ரி சிக்னலில் சிவப்பு. அவள் நியூட்ரல் போட்டுக் காலை எடுத்தாள். எஞ்சின் சீராக முனகிக்கொண்டிருந்தது, இடது கண்ணில் மெரூன் பொட்டு மட்டும் பளிச்சென்று தெரிந்தது. பச்சை விழுவதற்குள்ளேயே பின்னால் ஒரு லாரி நீளமாக ஹாரன் அடித்தது. நான் மருந்துப் பையை நெஞ்சோடு அணைத்தேன்.

ஜெயந்தி கண்ணாடியில் அந்த லாரியைப் பார்த்து, கோயம்புத்தூர்த் தமிழில், எனக்கு மட்டும் கேட்கும் குரலில் சொன்னாள்:

“பொறு சாமி, போறன்.”