எலும்புக்கு உரித்துக்காரர்

சித்தப்பா எனக்குத் தொலைபேசி எடுப்பது இரண்டு காரணங்களுக்காகத்தான். ஒன்று, எனக்கு மாப்பிள்ளை பார்த்திருப்பார். மற்றது, பெரியப்பாவோடு எல்லைச் சண்டை முற்றியிருக்கும். அன்றைக்கு மூன்றாவது காரணமும் பிறந்தது.

"பிள்ளை, மதிலுக்கு அத்திவாரம் வெட்ட எலும்பு வந்திருக்கு. ஒருக்கா வந்து மாட்டெலும்பெண்டு சொல்லிப்போட்டுப் போ."

"பாக்காமல் எப்பிடிச் சித்தப்பா சொல்லுறது?"

"பாத்திட்டே சொல்லன். உதுக்குத்தானே உவ்வளவு காலம் படிச்சனி?"

எங்கள் குடும்பத்தில் ஒருவர் டொக்டர், இருவர் எஞ்சினியர், நான் எலும்பு. நிலத்துக்குள் இருந்து எடுக்கும் மனித எலும்பை வைத்து அது ஆணா பெண்ணா, என்ன வயது, என்ன வேலை செய்த உடம்பு என்று சொல்வதுதான் என் தொழில். கலியாண வீடுகளில் என்னை அறிமுகப்படுத்துகிறவர்கள் "டொக்டர் மாதிரித்தான்" என்று சொல்லிவிட்டு அவசரமாகப் பந்தியைப் பற்றிக் கதைப்பார்கள்.

இணுவிலுக்கு அடுத்த ஊர் எங்களுடையது. போய்ப் பார்த்தேன். சித்தப்பாவின் வளவுக்கும் பெரியப்பாவின் வளவுக்கும் நடுவில் வெட்டிய கிடங்கில் மேசன்மார் மண்வெட்டியைப் போட்டுவிட்டுத் தள்ளி நின்றார்கள். மண்ணுக்குள் ஒரு தாடை, வரிசையாகப் பற்கள். புல்லுத் தின்கிற எந்த மாட்டுக்கும் அப்படிப் பல் வராது.

"சித்தப்பா, இது மனிசர்."

அவர் சீமெந்துப் பையில் குந்திவிட்டார். அவருக்கு எலும்பைப் பற்றிப் பயமில்லை. அடுத்த கிழமை ஊர்க் கோயிலில் ஏழாந் திருவிழா, அவருடைய உபயம். ஒரு வருஷம் சித்தப்பா, மறு வருஷம் பெரியப்பா என்று மாறிமாறிச் செய்வது. போன வருஷம் பெரியப்பா மூன்று கூட்டம் மேளம் பிடித்து ஊரைக் கலக்கியதில் இருந்து சித்தப்பாவுக்கு ஒழுங்கான நித்திரை இல்லை. இந்த வருஷம் ஐந்து கூட்டம் பேசி வைத்திருந்தார். இந்த நேரத்தில் காணிக்குள் பிரேதம் என்றால், அதுவும் முன்னோருடையது என்றால், சாவுத் துடக்கு. முப்பத்தொரு நாள் கோயில் வாசலை மிதிக்கக் கூடாது. ஐந்து கூட்ட மேளமும் பெரியப்பாவின் வாயில் போய் விழும்.

"திருவிழா முடியப் பொலிசுக்குச் சொல்லுவம். எலும்பு எழும்பி ஓடவே போகுது?" என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. வேறு எந்த ஊரிலாவது இதைச் சொல்லலாம், காணாமல் போன பிள்ளைகளை இன்னும் தேடுகிற எங்கள் ஊரில் சொல்லலாமா? அவர் முன்னாலேயே பொலிசுக்குத் தொலைபேசி எடுத்தேன். நீதவான் வந்து பார்த்தார். கூடவே வந்த சட்ட வைத்திய அதிகாரி குனிந்து பார்த்துவிட்டு, உடைந்த சட்டித் துண்டுகளும் கிடப்பதால் இது பழைய சாமான் போலிருக்கிறது என்று சொல்லி, தோண்டும் வேலையைக் கட்டளையோடு என் தலையில் கட்டிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு நடந்ததை நீங்கள் நம்பமாட்டீர்கள். அந்தக் கிடங்கு கிடந்த ஒரு முழ அகல நிலத்துக்காக இருவரும் எத்தனையோ வருஷமாக வழக்காடியவர்கள். இரவோடிரவாக வேலிக் கதியாலைப் பிடுங்கி நகர்த்தி நட்டவர்கள். நேரே முகம் பார்த்துக் கதைக்காதவர்கள். பெரியப்பா தன் பக்கத்தில் நின்றபடி என்னிடம் சொன்னார்:

"உவருக்குச் சொல்லு பிள்ளை, அந்த ஒரு முழமும் உவற்றைதான். நான்தான் பிழையா நிண்டிட்டன்."

"ஐயோ, அது அண்ணையின்ரை காணி," என்றார் சித்தப்பா. "நாங்கள்தான் உள்ளுக்கை வந்திட்டம்."

அவர் வாயில் 'அண்ணை' என்ற சொல்லை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பொலிஸ்காரர் ஒருவர் இருவரின் வாக்குமூலத்தையும் எழுதிக்கொண்டு, இப்படிப்பட்ட தங்கமான மனிதர்களைத் தன் சேவைக் காலத்தில் கண்டதில்லை என்றார்.

நான் கிடங்குக்குள் படுத்துக்கிடந்து பிரஷால் மண்ணைத் தட்டியபடியே கேட்டேன்:

"காணி ஆற்றை எண்டாலும், உங்கள் ரண்டு பேருக்கும் பூட்டன் ஒருத்தர்தானே?"

துடக்கென்றால் பங்காளிகள் இருவருக்கும்தான் என்பது அவர்களுக்கு அப்போதுதான் உறைத்தது. சித்தப்பா பெரியப்பாவைப் பார்த்தார். பெரியப்பா சித்தப்பாவைப் பார்த்தார். அந்த நிமிஷத்தில் இருந்து இருவரும் ஒரே கட்சி. என்னைப் பற்றி மட்டும் யாரும் கவலைப்படவில்லை. நானும் அதே பூட்டனின் வழிதான், ஆனால் என் தொழிலைப் பார்த்து என்னை நிரந்தரத் துடக்கு என்றே கணக்கில் வைத்திருந்தார்கள்.

மறுநாள் இடுப்பெலும்பு முழுதாக வெளியே வந்தது. பெண். நடுத்தர வயது. பல்லெல்லாம் தேய்ந்திருந்தது, அரைத்த மாவோடு அம்மிக்கல்லின் பொடியும் தின்ற பல். கழுத்து முள்ளெலும்புகளைப் பார்த்தால் தலையில் நிறையச் சுமந்தவள். கணுக்கால் எலும்பில், குந்தியிருந்தே வேலை செய்கிறவர்களுக்கு விழும் தடம். தலைமாட்டில் வைத்திருந்த சட்டி உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு. எங்கள் கோயில்கள் ஒன்றும் கட்டப்படுவதற்கு முந்திய காலத்து மனிசி.

"பொம்பிளையோ?" பெரியப்பாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப அவ கலியாணம் கட்டி வந்தவ. எங்கடை இரத்தமில்லை."

"எங்கடை ஊரிலை காணி பொம்பிளைக்குத்தானே பெரியப்பா? வந்து குந்துறது மாப்பிள்ளைதான். முறையாப் பாத்தால் இது அவவின்ரை சீதனக் காணி."

"உவளுக்கு வாய் கூடிப்போச்சு," என்று பெரியப்பா சித்தப்பாவிடம் முறையிட்டார். "உதாலைதான் ஒரு இடமும் சரிவருகுதில்லை," என்றார் சித்தப்பா. இருவரும் இவ்வளவு ஒற்றுமையாக எதையும் சொன்னதில்லை.

படலையடியில் சனம் சேர்ந்திருந்தது. எங்கள் ஊரில் எலும்பு கண்டால் சனம் புதினம் பார்க்க வருவதில்லை. வந்து, ஒன்றும் கதையாமல் நிற்கும். அதற்குள் பின் ஒழுங்கையில் தனியாக இருக்கும் ஒரு அம்மாவும் நின்றார். சண்டைக் காலத்தில் மகனைப் பிடித்துக்கொண்டு போனார்கள், திரும்பி வரவில்லை. எங்கே கிடங்கு வெட்டி எலும்பு வந்தாலும், சாவகச்சேரியோ நெல்லியடியோ, அவர் பஸ் ஏறிப் போய் நிற்பார். நான் தண்ணி குடிக்க மேலே ஏறியபோது கிட்ட வந்தார்.

"ஆம்பிளையோ, பிள்ளை?"

"இல்லையம்மா. பொம்பிளை. ஆயிரக்கணக்கான வருஷம் பழசு."

"அப்ப சரி," என்றார். ஆறுதலா ஏமாற்றமா என்று எனக்குத் தெரியவில்லை. எலும்பில் என்றால் சொல்லிவிடுவேன், முகத்தில் எனக்கு வாசிக்கத் தெரியாது. போகாமல் அங்கேயே நின்றார்.

பின்னேரம் கோயில் ஐயரைக் கூட்டிவந்தார்கள். அவர் வேலிக்கு மிகவும் தள்ளி, சைக்கிளை விட்டு இறங்காமலே தீர்ப்புச் சொன்னார்.

"உரித்துக்காரர் இல்லாத பிரேதத்துக்குத் துடக்கு ஒருத்தருக்கும் இல்லை. ஆரும் உரித்தெண்டு முன்னுக்கு வந்தால் அவைக்குத் துடக்கு. ஆனால் ஒருத்தருமே நிக்காமல் பெட்டியிலை போட்டு அனுப்புறதும் சரியில்லைப் பாருங்கோ. எள்ளுந் தண்ணியும் இறைக்க ஒரு கை வேணும்."

சித்தப்பா வானத்தைப் பார்த்தார். பெரியப்பாவுக்குத் திடீரென்று வாழைக்குத் தண்ணி கட்டுகிற ஞாபகம் வந்தது.

"நான் நிக்கிறன், ஐயா," என்றார் அந்த அம்மா.

"நீங்கள் ஆர் அவவுக்கு?" ஐயர் தடுமாறிப்போனார். "முப்பத்தொரு நாள் கோயிலுக்கு வரேலாது. திருவிழாவும் பாக்கேலாது."

"பரவாயில்லை. என்ரை பிள்ளைக்கு நான் இன்னும் துடக்குக் காக்கேலை. காத்தால், அவன் இல்லையெண்டு நானே சொன்னமாதிரி ஆகிப்போடும். எல்லாரும் காக்கச் சொல்லுகினம், எனக்கு ஏலாமல் கிடக்கு. இந்த மனிசிக்கெண்டால் காக்கலாம்தானே? இவ திரும்பி வருவாவெண்டு ஒருத்தரும் இப்ப வழி பாத்துக்கொண்டிருக்கப் போறேல்லை."

ஐயர் சைக்கிளை விட்டு இறங்கினார். நான் பெட்டியின் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் அழுதேன். எத்தனையோ மண்டையோடுகளைத் தூக்கியவள், வெட்கமாகத்தான் இருந்தது.

ஏழாந் திருவிழாவன்று ஐந்து கூட்டம் மேளமும் வந்தது. சித்தப்பா வெறும் மேலோடு, தலையில் பரிவட்டமும் கட்டி, சுவாமிக்கு முன்னால் பெருமையில் பொங்கிக்கொண்டு நடந்தார். பெரியப்பா பக்கத்தில் நடந்தார். எண்ணெய்ச் செலவில் பாதி தன்னுடையது என்று எதிர்ப்பட்டவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டு. சுவாமி ஒழுங்கைக்குள் திரும்பியது. வீட்டுக்கு வீடு நிறைகுடம் வைத்திருந்தார்கள். அந்த அம்மாவின் வீட்டில் மட்டும் படலை சாத்திக் கிடந்தது.

சித்தப்பா என் பக்கம் சரிந்து மெல்லக் கேட்டார்:

"உண்மையைச் சொல்லு பிள்ளை. அது எங்கடை ஆளோ?"

"அவ்வளவு பழைய ஆள் எண்டால், அவவுக்குப் பிள்ளைகுட்டி இருந்திருந்தால், இந்த ஊரிலை எல்லாரும் அவவின்ரை ஆக்கள்தான் சித்தப்பா."

"உதைச் சுவாமி திரும்பிக் கோயிலுக்குள்ளை போனாப்பிறகு சொல்லியிருக்கலாம்," என்றார். ஆனால் நாலடி நடந்ததும், சாத்திய படலைக்கு முன்னால் கையை உயர்த்தி மேளத்தை நிற்பாட்டினார். துடக்கு வீட்டைச் சத்தமில்லாமல் கடப்போம் என்று நினைத்திருப்பார். தவில்காரர் ஒருவர் பின் ஒருவராக ஓய்ந்தார்கள்.

படலைக்கு உள்ளே இருந்து குரல் கேட்டது.

"ஏன் நிப்பாட்டிப்போட்டியள்? அடியுங்கோ. என்ரை பிள்ளைக்கு மேளமெண்டால் நல்ல விருப்பம்."