சிகாகோவில் இருக்க வேண்டிய இரண்டு நாள்

சிகாகோவுக்கு நான் கிளம்ப நினைத்தது ஊர் பார்க்க அல்ல. ஆனால் ஊர் பார்க்கப் போவதாகத்தான் அலுவலகத்தில் சொல்லியிருந்தேன்.

தரகர் மூலம் வந்த வரன். அவளுக்கு அங்கே வேலை, எனக்கு ஆக்லாந்தில். அங்கே எல்லர்ஸ்லி பகுதியில் உள்ள என் அலுவலகத்தின் கார் நிறுத்துமிடத்தில், மதியச் சாப்பாட்டு நேரத்தில் நான் கூப்பிட்டால் சிகாகோவில் முந்தின நாள் மாலையாக இருக்கும். சில மாதங்கள் அப்படியே பேசினோம். ஒரு நாள் அவள் சொன்னாள்:

"வீட்ல இன்னொரு இடமும் பாத்திருக்காங்க. மாசக் கடைசிக்குள்ள பதில் சொல்லணும்னு அப்பா நிக்கிறார். நேர்ல பாக்காம எனக்கு ஆமான்னும் வரல, இல்லன்னும் வரல. ஒரு சனி ஞாயிறு வாங்களேன், ஊரச் சுத்தலாம்."

முன்பு அலுவலக வேலைக்காக எடுத்த விசாவில் இன்னும் உயிர் இருந்தது. மேலாளர் வெள்ளிக்கிழமை விடுப்பு கொடுத்தார். திங்கட்கிழமை மட்டும் கண்டிப்பாக வந்துவிட வேண்டும், வாடிக்கையாளரிடம் வேலையை ஒப்படைக்கும் நாள் என்றார். ஊரில் என் அப்பாவுக்குத்தான் மனசில்லை. "பொண்ணு பாக்க ஒத்தையிலயா போவாங்க? கூட ஒரு பொம்பள வேணாமா?" என்றார்.

அவளிடம் நான் கேட்க வேண்டியது ஒன்று இருந்தது. அப்பாவும் அம்மாவும் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்ததில்லை. அவர்களை ஆக்லாந்துக்குக் கூட்டிவர வேண்டும் என்பது நான் படிக்கத் தொடங்கிய நாளிலிருந்து உள்ள எண்ணம். வந்தால் பஸ் நம்பரிலிருந்து மருந்துச் சீட்டு வரை யாராவது படித்துச் சொல்ல வேண்டும். நான் வேலைக்குப் போய்விட்டால் அது மருமகள் தலையில்தான் விழும். எங்கள் பக்கத்தில் இதையெல்லாம் பெண்ணிடம் கேட்பதில்லை. கல்யாணம் முடிந்ததும் அவளே தெரிந்துகொள்வாள். எனக்குக் கேட்க வேண்டும் என்று இருந்தது. கேட்டால் அவள் போய்விடுவாளோ என்றும் இருந்தது.

பரீட்சைக்குப் படித்தே மேலே வந்தவன் நான். இதற்கும் அட்டவணை போட்டேன். சனிக்கிழமை ஆற்றில் படகு, பிறகு அருங்காட்சியகம். ஞாயிறு காலை உயரமான கோபுரம். சாயங்காலம் ஏரிக்கரை. கேள்வியை ஏரிக்கரைக்கு வைத்திருந்தேன். அதற்குள் அவளுக்கு என்னைக் கொஞ்சம் பிடித்துப் போயிருக்கும் என்று கணக்கு.

ஆக்லாந்தின் த்ரீ கிங்ஸ் பகுதியில் நான் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர் மலேசியாக்காரர். அட்டவணையை வாங்கிப் பார்த்தார்.

"தம்பி, இது பொண்ணு பாக்கப் போறதா, ஸ்கூல் பிள்ளைங்கள டூர் கூட்டிட்டுப் போறதா?"

"முதல் தடவைண்ணே. ஒண்ணும் விட்டுப் போயிடக் கூடாது."

"ஞாயிறு ராத்திரி ஏறுனா இங்க எப்ப இறங்குவ?"

"திங்கக் காலைல. நேரா ஆபீஸ்."

அவர் சிரிக்கவில்லை. "செவ்வாய் லா. போகும்போது வெள்ளி ஏறி வெள்ளியே இறங்குற இல்ல? அதுக்கு வட்டி இது. திரும்பும்போது தேதிக் கோட்டத் தாண்டுறப்ப திங்கக்கிழமைய கடல் முழுங்கிடும்."

மறுநாள் மேலாளரிடம் போய் நின்றேன். அவர் கோபப்படவில்லை. முடியாது என்பதை மட்டும் இரண்டு விதமாகச் சொன்னார். சனிக்கிழமை சாயங்காலமே அங்கே விமானம் ஏறினால்தான் திங்கட்கிழமை இங்கே இருக்க முடியும். மிஞ்சுவது ஒரே நாள். ஏரிக்கரை இல்லை.

கார் நிறுத்துமிடத்திலிருந்து அவளைக் கூப்பிட்டேன்.

"ஞாயித்துக்கிழமை இருக்க முடியாதுங்க. தேதிக் கணக்குத் தப்பாயிடுச்சு."

"தினமும் நாளைக்குலேருந்து எங்கிட்ட பேசுறீங்க. உங்களுக்கா தப்பும்?" என்று சிரித்தாள். "சரி, கோபுரத்த விட்றலாம். என்ன இப்போ?"

"ஏரிக்கரைல ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன்."

"இப்பவே கேளுங்க."

கேட்டேன். பஸ், மருந்துச் சீட்டு, எல்லாம். அவள் பக்கத்தில் ரயில் ஒன்று கடந்து போகிற சத்தம் வந்து ஓய்ந்தது.

"அவங்களுக்கு அங்க வர இஷ்டமா?"

"வருவாங்க."

"கேட்டீங்களா?"

கேட்டதில்லை. இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட.

"எங்கிட்ட கேக்கத் தோணியிருக்கு. அவங்ககிட்ட தோணல." அவள் குரலில் கோபம் இல்லை, அதுதான் பயமாக இருந்தது.

"வரட்டுமா, வேண்டாமா?"

"அது உங்க இஷ்டம். வந்தா அவங்க பதிலோட வாங்க. அது தெரியாம நான் எதுக்குங்க ஆமா சொல்றது?"

அன்று சாயங்காலம் அம்மாவிடம் பேசினேன். இங்கே வந்து எங்களோடு இருக்கச் சம்மதமா என்று கேட்டேன். அம்மா போனைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனாள். அப்பாவிடம் ஏதோ சொல்லிவிட்டுத் திரும்பி வந்தாள்.

"அந்தப் பொண்ணு மொதல்ல என்னப்பா சொல்லுது? அதுக்குப் புடிக்காத வீட்ல நாங்க வந்து என்ன பண்றது?"

"அவ உன்னக் கேக்கச் சொல்றாம்மா."

"அது சொல்லட்டும். அப்புறம் நான் சொல்றேன்."

இரண்டு பேர் பதிலும் கையில் இல்லாமல், வெள்ளிக்கிழமை போய்ச் சனிக்கிழமை கிளம்பும் டிக்கெட்டை வாங்கினேன்.