சொல்ல வேண்டாம் என்றார்

பள்ளி நாள்களிலிருந்து ஷார்ஜாவின் தமிழ்ப் பட்டிமன்றங்களில் பேசி வருபவன் நான். எந்தச் சொல்லில் கைதட்டல் எழும் என்பதை முன்கூட்டியே அறிந்து, அந்த இடத்தில் நிறுத்திக் காத்திருக்கப் பழகியவன். அதனால்தான் சென்ற குளிர்காலத்தில் எங்கள் சங்கம் நடத்திய நடன விழாவில், ஒளியமைப்பாளரை அறிமுகம் செய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது.

அவர் ஆஸ்திரேலியப் பழங்குடிப் பெண், ஐம்பதைக் கடந்தவர். ஒத்திகையன்று பிற்பகலில், விளக்குகளை இயக்கும் கன்சோலை விட்டு எழாமலேயே தம் கதையைச் சொன்னார். பள்ளி அரங்கில் யாரும் தொடாத விளக்குகளைத் திருப்பிப் பார்த்துத் தொடங்கியது, நாடகக் குழுக்களோடு ஊர் ஊராக அலைந்தது, திறந்தவெளி விழாக்களில் காற்றோடும் ஜெனரேட்டரோடும் மல்லுக்கட்டியது. எங்கள் விழாவில் மேடையேறவிருந்த நடனம் அவருடைய தம்பி அமைத்தது. தம்பி முந்தைய ஆண்டு இறந்துவிட்டார். மற்ற ஒளி மாற்றங்களையெல்லாம் கன்சோலில் பதிந்து வைத்திருந்தவர், விடியலாக மேலெழும் முதல் வெளிச்சத்தை மட்டும் தம் விரலாலேயே மெல்ல மெல்ல உயர்த்துவாராம். தம்பி ஆடிய காலத்திலிருந்து அப்படித்தானாம்.

"வேலையைப் பற்றிப் பேசுங்கள். அவன் பெயரை மட்டும் சொல்ல வேண்டாம். இறந்தவர் பெயரை எங்கள் குடும்பத்தில் சொல்வதில்லை" என்று ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டார்.

தலையசைத்தேன். ஆனால் 'என்னைப் பற்றி எதுவும் சொல்லாதீர்கள்' என்று சொல்லாத சிறப்பு விருந்தினரை எங்கள் மேடைகளில் நான் கண்டதில்லை. அதை அப்படியே எடுத்துக்கொண்ட பேச்சாளரையும் கண்டதில்லை. இதையும் தன்னடக்கம் என்றே எண்ணினேன். மறைந்தவர் பெயரை முழங்குவதைவிடப் பெரிய மரியாதை எனக்குத் தெரியாது. கைபேசியில் தேடி அந்தப் பெயரைக் கண்டுபிடித்தேன், உச்சரிப்பையும் பழகினேன்.

"மைக்க உன் கையில குடுத்தா மஹ்ரிப் தொழுகையில தொடங்கி இஷா தொழுகை வரைக்கும் பேசுவே தம்பி. அஞ்சு நிமிஷம், கலாஸ், அதோட முடிச்சிடணும்" என்று சிரித்தபடி மேடைக்கு அனுப்பினார் சங்கச் செயலாளர்.

தமிழில்தான் பேசினேன். அவருக்குப் புரிந்திருக்கக்கூடியது அந்தப் பெயர் ஒன்றுதான். அதை மூன்று முறை, ஒவ்வொரு முறையும் குரலை உயர்த்திச் சொன்னேன். அரங்கு அதிர்ந்தது. விளக்குகள் அணைந்தன. விடியல் வரவில்லை. இருளில் ஆடுபவர்கள் அசையாமல் காத்திருந்தார்கள். பிறகு திடீரென்று மேடை முழுவதும் ஒரேயடியாக வெளிச்சமானது.

திரைக்குப் பின்னால் செயலாளர் என் தோளைப் பிடித்தார். "அந்தம்மா எந்திரிச்சு வெளியே போயிட்டாங்க. அசிஸ்டன்ட்தான் லைட்டைப் போட்டாரு. நீ என்ன தம்பி சொன்னே?"

அந்தக் கணம்வரை நான் கைதட்டலைத்தான் மனத்தில் மீட்டிக்கொண்டிருந்தேன். இதை எழுதும்போதும் முகம் சுடுகிறது.

கார் நிறுத்துமிடத்தின் ஓரக்கல்லில் அவர் உட்கார்ந்திருந்தார். மன்னிப்புக்கான வாக்கியத்தை நடந்துகொண்டே கட்டியிருந்தேன். நயமான தொடக்கம், அளவான ஏற்றம். வாயெடுத்த பிறகுதான் தெரிந்தது, அதன் நடுவிலும் அந்தப் பெயர் இருந்தது. நிறுத்திவிட்டேன்.

அவரே கேட்டார், உள்ளே வெளிச்சம் வந்துவிட்டதா என்று. வந்துவிட்டது என்றேன்.

"மெதுவாக வந்ததா?"

இல்லை என்றேன்.